சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு: ரயிலா, பஸ்ஸா, விமானமா, மதுரை வழியா?

ஜூலை 26ஆம் தேதி பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறும். ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியில் ஒருவரும் சீக்கிரம் உறங்கமாட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே சென்னையில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "ரயிலில் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கிறது, பஸ்ஸில் போய்விடலாமா?" என்பார் ஒருவர். "புது விமான நிலையம் வந்துவிட்டதே, அம்மாவை அதில் கூட்டிக்கொண்டு போனால் என்ன?" என்பார் இன்னொருவர். குலசேகரன்பட்டினம் தசராவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இதே கேள்விகள் திரும்ப வரும்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில். சென்னைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்தப் பாதையில் போகக்கூடிய எல்லா வழிகளிலும் போயிருக்கிறேன். அதனால் கேட்பவரிடம் நான் முதலில் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: கடைசி முப்பது கிலோமீட்டரை எப்படிக் கடக்கப் போகிறீர்கள்?

சென்னையிலிருந்து மதுரை வரை வந்துசேர ஆயிரம் வழி இருக்கிறது. அங்கிருந்து கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தெற்கே போகும் ரயில்களுக்கும் குறைவில்லை. ஆனால் அவை எல்லாமே வாஞ்சி மணியாச்சியில் தூத்துக்குடியைக் கிழக்கே விட்டுவிட்டு நெல்லைப் பக்கம் போய்விடும். மணியாச்சியிலிருந்து நம் ஊர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். எந்த வழி நல்லது, எது வீண் அலைச்சல் என்பதை அந்த முப்பது கிலோமீட்டர்தான் முடிவு செய்கிறது.

ஊர் ஏன் பாதையை விட்டு விலகி நிற்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகும். அதனால் கொஞ்சம் பின்னே போகிறேன்.

பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். அதற்குப் பிறகு வணிகம் காயலுக்கு, அதாவது இன்றைய பழையகாயலுக்கு, நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்த துறைமுகம் அது. பழையகாயலும் அதே வண்டலில் தூர்ந்தது. ஆறு புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. தூத்துக்குடி அதற்கு வடக்கே இருப்பதால் வண்டலிலிருந்து தப்பியது. முன்னால் முயல் தீவும் வான் தீவும் மன்னார் வளைகுடாவின் அலையைத் தணித்துக் கொடுத்தன. 1530களில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது.

ஆங்கிலேயருக்கு இந்த ஊர் கொழும்புக்குப் போகும் வாசல். 1876இல் மதுரையிலிருந்து ரயில் பாதை தூத்துக்குடிக்கு வந்தபோது அதுதான் தலைமைப் பாதை. மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்குப் போனது கிளைப் பாதை! சென்னையில் ரயில் ஏறி, தூத்துக்குடியில் இறங்கி, கப்பலில் கொழும்பு போவதுதான் அந்தக் காலத்து போட் மெயில் பயணம். 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் தன் பெட்டியில் உட்கார்ந்து எந்த ரயிலுக்காகக் காத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக. வாஞ்சிநாதன் அவரைச் சுட்டது அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான். அன்று நெல்லைக்காரர்கள் மணியாச்சியில் நம் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். இன்று நாம் காத்திருக்கிறோம்.

நிலைமை மாறியது 1914இல். பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. நெல்லையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு அதற்கு முன்பே பாதை போயிருந்தது. 1981இல் நெல்லை–நாகர்கோவில் பாதையும் இணைந்தபோது, தெற்கே போகும் ரயில் எல்லாவற்றுக்கும் நெல்லையே வழி என்றானது. தலைமைப் பாதையாக இருந்தது கிளையாகிவிட்டது.

சாலையின் கதை நேர் எதிர். 1974இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் அந்தச் செயற்கைத் துறைமுகத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ நான்கு நான்கு கிலோமீட்டர் அலைதாங்கிகள். அங்கே இறங்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு போக லாரிகளுக்கு நல்ல சாலை வேண்டியிருந்தது. வேலூரில் தொடங்கி விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக வரும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தூத்துக்குடியில்தான் முடிகிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் பக்கமாக வரும் நான்கு வழிச் சாலைக்கு மணியாச்சிப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

ஆக, ரயிலுக்கு நாம் ஓரம். சாலைக்கு நாம் முனை.

எதை வைத்துத் தீர்மானிப்பது

வெறும் டிக்கெட் விலையைப் பார்த்துத் தீர்மானிப்பவர்களை நான் அதிகம் பார்க்கிறேன். இந்த ஊர் அதைப் பற்றி நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பாடம் பார்த்திருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். போட்டிக்கு ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. குடையை வாங்கிக்கொண்டவர்கள் கொடுத்த விலை என்ன என்று நமக்குத் தெரியும்.

நான் பார்ப்பவை ஐந்து. முதலாவது, சென்னை வீட்டை விட்டுக் கிளம்பித் தூத்துக்குடி வீட்டுப் படியேறும் வரை ஆகும் மொத்த நேரம். இரண்டாவது, நமக்கு வேண்டிய நாளில் இடம் கிடைக்குமா என்பது. மூன்றாவது, அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டர். நான்காவது, கூட யார் வருகிறார்கள், எவ்வளவு மூட்டை இருக்கிறது. ஐந்தாவது, டிக்கெட்டில் தெரியாத செலவு: ஆட்டோ, கால் டாக்ஸி, கூடுதல் பெட்டிக்குக் கட்டணம், விடுப்பு எடுத்ததால் இழந்த ஒரு நாள் சம்பளம்.

முத்துநகர் எக்ஸ்பிரஸ்

சென்னை எழும்பூரிலிருந்து மாலையில் கிளம்பி, திருச்சி, மதுரை, கோவில்பட்டி வழியாக மறுநாள் காலையில் தூத்துக்குடியில் போய் நிற்கும் ரயில். 652 கிலோமீட்டர், சுமார் பதினோரு மணி நேரம். வழி மாற வேண்டியதில்லை, இறங்கி ஏற வேண்டியதில்லை. மணியாச்சியில் வண்டி கிழக்கே திரும்பும்போது விழித்துக்கொண்டால் போதும். முகம் கழுவி, பெட்டியை இறக்கி வைப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

இரட்டைப் பாதை வேலை முடிவதற்கு முன்பு எதிர்வண்டிக்காக மதுரைக்குத் தெற்கே ஏதாவது ஒரு சின்ன நிலையத்தில் நின்று கிடந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் நான் இரண்டாவது யோசனையே செய்வதில்லை. படுத்துக்கொண்டு வரலாம், கழிப்பறை இருக்கிறது, மருந்து சாப்பிட எழுந்தால் விளக்கு இருக்கிறது. அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கு என்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்களை ஒரு பெரிய குடும்பத்தின் ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் பதிவு செய்தால் அந்த ஒதுக்கீடு கைகூடாது. ஒருவராகவோ இருவராகவோ தனியாகப் பதிவு செய்யுங்கள். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதையும் மறந்துவிடாதீர்கள். பழைய கணக்கில் பணம் ஒதுக்கிவிட்டுத் திகைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செலவிலும் இதுதான் குறைவு. சாதாரணப் படுக்கை வகுப்பு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. இடம் கிடைக்காது. தினமும் இரவில் நேராகத் தூத்துக்குடிக்கு வருவது இந்த ஒரு ரயில்தான் என்பதால் மாவட்டமே அதில்தான் ஏறப் பார்க்கும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. கொடியேற்றத்துக்குப் போக வேண்டுமானால் மே மாதக் கடைசியிலேயே, அந்த நாள் திறக்கும் காலையிலேயே பதிவு செய்துவிட வேண்டும். தத்கால் முந்தைய நாள் காலை பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும் பதினொரு மணிக்கு மற்றவற்றுக்கும் திறக்கும்; திருவிழா நாட்களில் அதை நம்பி இருக்காதீர்கள்.

பகலில் போக விரும்புகிறவர்களுக்கு முன்பு ஒரு வழி இருந்தது. குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிக்கென்று சில பெட்டிகள் வரும். மணியாச்சியில் அவற்றைக் கழற்றி வேறு எஞ்சினில் மாட்டி அனுப்புவார்கள். எஞ்சின் வந்து மோதி இணையும் அந்த அதிர்ச்சிக்குக் குழந்தைகள் காத்திருப்பார்கள். கொரோனா காலத்தில் போன அந்தப் பெட்டிகள் திரும்பவில்லை. ஒரு மாவட்டத் தலைநகருக்கு, ஒரு பெரிய துறைமுக நகருக்கு, தலைநகரிலிருந்து நேரடிப் பகல் ரயில் இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இறங்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலூர் என்று ஒரு நிலையம் முன்னால் வரும். ஊருக்குள் இருக்கும் கடைசி நிலையத்தைக் கீழூர் என்போம். எந்தப் பக்கம் வீடு என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் ஆட்டோ செலவு பாதியாகும்.

திருச்செந்தூர் ரயிலில் ஏறிவிடாதீர்கள்

இது தனித் தலைப்புக்கு உரியது; ஏனென்றால் வருடத்துக்கு ஒருவராவது இதில் மாட்டிக்கொள்கிறார். திருச்செந்தூர் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது, நாற்பது கிலோமீட்டர்தான் தூரம். அதனால் எழும்பூரிலிருந்து போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடி வழியாகத்தான் போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். போகாது. அது கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று சுற்றி வந்து, திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் சேரும். என் சித்தி மகன் ஒரு கிறிஸ்துமஸுக்கு அதில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலியில் இறங்கி பஸ் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான்.

அதே சமயம், நீங்கள் போக வேண்டியது காயல்பட்டினமோ திருச்செந்தூரோ குலசேகரன்பட்டினமோ என்றால் இந்த ரயில்தான் சரி. நேரம் கூடுதலாக ஆனாலும் முத்துநகரில் வந்து அங்கிருந்து பஸ்ஸில் நிற்பதை விட இது மேல்.

பஸ்

நான் முன்பு பஸ்ஸைக் கடைசித் தேர்வாகத்தான் வைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. மேலே சொன்ன சாலைதான் காரணம். மதுரை தாண்டியதும் அருப்புக்கோட்டையை ஒட்டி நேராகக் கரிசல் காட்டுக்குள் போய்விடும். புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடி வந்துவிட்டால் ஊர் வந்த மாதிரிதான். கடைசி முப்பது கிலோமீட்டர் என்ற பிரச்சினையே பஸ்ஸுக்குக் கிடையாது. அதோடு ஊரின் மேற்கே ‘மூன்றாவது மைல்’ என்ற நிறுத்தம், புதிய பேருந்து நிலையம் என்று வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு நன்மை, நினைத்த நேரத்தில் கிளம்பலாம். சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, இரவு ஒன்பது மணிக்குத்தான் செய்தி வருகிறது என்றால் உங்களுக்கு பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. என் பெரியப்பா இறந்தபோது அப்படித்தான் போனேன். காலையில் உடலை எடுப்பதற்கு முன்னால் போய்ச் சேர முடிந்தது.

மறைந்த செலவு சென்னைப் பக்கம் இருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வட சென்னையிலோ அண்ணா நகரிலோ இருப்பவர்களுக்கு அங்கே போய்ச் சேரவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிவிடும். மூட்டையோடு கால் டாக்ஸி பிடித்தால் அது ஒரு படுக்கை வகுப்பு ரயில் டிக்கெட்டை விட அதிகம். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு இதே முனையம் வரப்பிரசாதம். ஆகவே பஸ்ஸா ரயிலா என்று கேட்கிறவரிடம் சென்னையில் எந்தப் பகுதி என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

தனியார் ஆம்னி பஸ்களின் கட்டணம் சாதாரண நாட்களில் ஒரு மாதிரி, திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேறு மாதிரி. மூன்று பேர் போகும் குடும்பத்துக்கு அந்த வெள்ளிக்கிழமைக் கட்டணம், குளிர்சாதன ரயில் பெட்டிக் கட்டணத்தைத் தாண்டிவிடும். அரசு விரைவுப் பேருந்தில் கட்டணம் அப்படித் தாவுவதில்லை. முதுகுவலி, சிறுநீர்த் தொல்லை இருப்பவர்களையும் கைக்குழந்தையையும் இரவு முழுக்க பஸ்ஸில் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி நிற்கும் இடம் ஓட்டுநர் விருப்பம். அங்கே கழிப்பறை இருக்கும் நிலை அவரவர் அதிர்ஷ்டம்.

விமானம்

தூத்துக்குடிக்கான வாகைகுளம் விமான நிலையம் 1992 முதல் இருக்கிறது. ஆனால் 1,350 மீட்டர் நீளமே உள்ள ஓடுதளத்தில் சிறிய ஏடிஆர் விமானங்கள் மட்டுமே இறங்க முடிந்தது. இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் உருவான விரிவாக்கத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. பனிமய மாதா கொடியேறும் அதே நாள்!

சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்பு. மீனம்பாக்கம் போய்ச் சேர்வது, அங்கே காத்திருப்பது, இறங்கிய பிறகு ஊருக்குள் வருவது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சென்னையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பி மத்தியானம் அம்மா கையால் மீன்குழம்பு சாப்பிடலாம். ஒரே நாளில் ஒரு பத்திரப் பதிவை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டியவர், அறுவை சிகிச்சை முடிந்து நீண்ட நேரம் உட்கார முடியாதவர், விடுப்பே கிடைக்காதவர்: இவர்களுக்கு இது சரியான வழி.

இங்கே கடைசித் தூரம் இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அதற்கு வண்டி வேண்டும். விமான நிலையம் நெல்லை–தூத்துக்குடி சாலையில் இருக்கிறது. சாலைக்கு நடந்து வந்து பஸ்ஸில் ஏறும் துணிச்சல் இருந்தால் சில ரூபாயில் முடியும். பெட்டியோடு அது நடக்காது. வீட்டில் யாராவது வண்டி எடுத்துக்கொண்டு வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் எடையும் முக்கியம். பதினைந்து கிலோவுக்கு மேல் போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுவார்கள். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது கருவாடு, மக்ரூன், நல்லெண்ணெய் எல்லாம் ஏறிவிடும். மக்ரூனைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த அந்த மெல்லிய பண்டம் சரக்கறையில் போனால் பொடிதான் ஊர் வந்து சேரும்.

நெல்லைக்காரர்களுக்கும் இதுதான் பக்கத்து விமான நிலையம் என்பதால் நல்ல நாட்களில் கட்டணம் கிடுகிடுவென்று ஏறும். நால்வர் குடும்பமாகப் போவதற்கு நான் இதை எடுப்பதில்லை.

மதுரை வழியும் நெல்லை வழியும்

நேர் வழி அடைபட்டால் சுற்று வழி. இதில் மூன்று விதம் இருக்கிறது.

மதுரைக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து சாலையில் வருவது முதல் விதம். மதுரை விமான நிலையம் நகரின் தெற்கே, தூத்துக்குடிச் சாலைக்கு அருகிலேயே இருப்பதால் நகர நெரிசலுக்குள் போகவே வேண்டாம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஊர். தூத்துக்குடி விமானத்தை விட மதுரைக்கு விமானங்கள் அதிகம்; கட்டணமும் பல நாட்களில் குறைவாக இருக்கும். ஆனால் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால் டாக்ஸி வைத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்து வந்தால் கணக்கு நேராகும். தனி ஆளாக வந்தால் நேராக வாகைகுளம் போவதே நல்லது.

பகல் ரயிலில் வருவது இரண்டாவது விதம். சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் தொடங்கியது. எழும்பூரில் மத்தியானம் கிளம்பி எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை. உட்கார்ந்து வர முடிந்தவர்களுக்கு நல்ல வண்டி. ஆனால் நெல்லையில் இறங்கும்போது இரவு பத்தரையைத் தாண்டியிருக்கும். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். அந்த நேரத்தில் பெரிய பெட்டிகளோடு பஸ் நிலையத்துக்குப் போய் நிற்பது பெண்கள் தனியாக வரும்போது சரியான யோசனை அல்ல. யாராவது காரோடு வந்து நிற்பார்கள் என்றால் மட்டும் எடுங்கள். மதுரையிலேயே இறங்கிவிட்டால் இரவு பஸ்கள் தாராளமாக இருக்கின்றன; வைகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

மூன்றாவது விதம் ஊர்க்காரர்கள் மட்டும் செய்வது. நெல்லை, கன்னியாகுமரி, அனந்தபுரி என்று இரவு ரயில் எதிலாவது இடம் பிடித்து, கோவில்பட்டியில் இறங்கி, பஸ்ஸில் அறுபது கிலோமீட்டர் வருவது. முத்துநகரில் இடம் இல்லாதபோது நான் அதிகமும் இப்படித்தான் வந்திருக்கிறேன். விடியும் முன்பே கோவில்பட்டி வந்துவிடும். மூட்டை குறைவாக இருந்தால் இது அருமையான வழி. மணியாச்சியில் இறங்கி இணைப்பு ரயிலைப் பிடிக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அந்த நிலையத்துக்கு வெளியே அந்த நேரத்தில் பஸ்ஸோ ஆட்டோவோ வரிசையில் நிற்காது. இணைப்பு ரயில் தவறினால் வாஞ்சிநாதனின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக நேராக ஒரு ரயில் பாதை திட்டத்தில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரையிலான துண்டு போட்டாகிவிட்டது. மீதியும் வந்துவிட்டால் இந்தப் பகுதி முழுவதையும் நான் மாற்றி எழுத வேண்டியிருக்கும். மகிழ்ச்சியோடு எழுதுவேன்.

ஒரே பார்வையில்

| வழி | வீட்டிலிருந்து வீடு வரை | செலவு | இடம் கிடைப்பது | யாருக்கு |
|---|---|---|---|---|
| முத்துநகர் | 13 மணி நேரம் | மிகக் குறைவு | கடினம் | முதியவர், குழந்தை, பெரிய குடும்பம் |
| பஸ் | 13 முதல் 15 மணி நேரம் | நாளைப் பொறுத்தது | எளிது | திடீர்ப் பயணம், தென்சென்னை வாசிகள் |
| தூத்துக்குடி விமானம் | 5 மணி நேரம் | அதிகம் | நடுத்தரம் | அவசர வேலை, நோயாளி |
| மதுரை விமானம், பிறகு கார் | 6 முதல் 7 மணி நேரம் | ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது | எளிது | மூவர் அல்லது நால்வர் |
| வந்தே பாரத், பிறகு கார் | 10 முதல் 11 மணி நேரம் | நடுத்தரம் | நடுத்தரம் | நெல்லைக்கு யாராவது வரமுடிந்தால் |
| கோவில்பட்டி, பிறகு பஸ் | 13 முதல் 14 மணி நேரம் | குறைவு | பரவாயில்லை | மூட்டை இல்லாத தனி ஆள் |

மழை மாதங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேலே உள்ள அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள். உப்பளம் போடத் தோதான ஊர் என்றால் தட்டையான ஊர் என்று பொருள். பெய்த தண்ணீர் ஓட இடமில்லாமல் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை–தூத்துக்குடிச் சாலை துண்டானது, விமானங்கள் நின்றன, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுற்றிலும் வெள்ளத்துக்கு நடுவே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. அருகில் இருந்த புதுக்குடி மக்கள் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அன்று முதல் மழைக்காலத்தில் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். தாமிரபரணியைக் கடக்காத வழியைத் தேர்ந்தெடுப்பது. முத்துநகரும் மதுரைச் சாலையும் ஆற்றுக்கு வடக்கிலேயே வருகின்றன. நெல்லை ஊருக்குள் போய்த் திரும்பும் வழிகளையும் திருச்செந்தூர்ப் பக்கத்து வழிகளையும் அந்த வாரங்களில் தவிர்க்கிறேன்.

கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள உறவினர்கள் திருவிழாவுக்கு எப்படி வருவது என்று கேட்பதுண்டு. அவர்களில் பெரியவர்கள் கப்பலைத்தான் முதலில் விசாரிப்பார்கள். 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் தூத்துக்குடி–கொழும்பு ஓடத் தொடங்கி, அந்த வருட நவம்பரிலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு பயணிகள் கப்பல் இல்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 அக்டோபரில் கப்பல் விடப்பட்டது; யாழ்ப்பாணத்தாருக்கு அது உதவும், ஆனால் நாகையில் இறங்கிய பிறகு தூத்துக்குடிக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவையும் நிற்கும். கொழும்புக்காரர்கள் மதுரைக்கு நேரடி விமானத்தில் வந்து அருப்புக்கோட்டைச் சாலையைப் பிடிப்பதே இன்றைக்குச் சரி. போன வருடம் என் அம்மாவின் பெரியம்மா மகள் அப்படித்தான் வந்தார். எண்பது வயது. சிறுமியாக இருந்தபோது தன் தாத்தா இதே தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர். காரில் வரும்போது உப்பளம் தெரிந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னாராம்.